எரியுது என்று சொன்னேன்

தா.பழூரில் எங்கள் வயலில் நடவு நடந்த அன்று காலை, வரப்பில் கிடந்த பாட்டில் சில்லு என் கணுக்காலுக்கு மேல் கிழித்துவிட்டது. சின்னக் கீறல்தான். என் கணவர் அயோடின் மருந்தைச் சொட்டச் சொட்ட ஊற்றி, ஈரம் காயும் முன்பே துணியைச் சுற்றினார். சேறு படாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டிக் பையை வைத்து இறுக்கிக் கட்டினார்.

நாற்று நட இறங்கிய கொஞ்ச நேரத்தில் கால் தகித்தது. "எரியுதுங்க. அவுத்துடவா?" என்றேன்.

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். நடவைப் பாரு" என்றார்.

சாயங்காலம் கட்டை அவிழ்த்தபோது, கீறலைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து கொப்பளித்திருந்தது.

ஜெயங்கொண்டத்தில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இந்த மருந்தைக் கொஞ்சமா தடவிக் காயவிடணும். ஈரத்தோட மூடினா தோலையே பொசுக்கிடும். எரிஞ்சப்பவே அவுத்துக் கழுவியிருக்கலாமேம்மா?" என்று கேட்டார்.

"இவ சொல்லவே இல்லீங்க" என்றார் கணவர்.

கீறல் இருந்த இடமே இப்போது தெரியவில்லை. மருந்து சுட்ட தழும்புதான் இருக்கிறது. அவர் சொன்ன பொய்யைக்கூட மறந்துவிடலாம். அன்று முழுக்க நாற்று நட்ட என் இரண்டு கைகளும் நன்றாகத்தானே இருந்தன? என் காலில் இருந்த கட்டை அவிழ்க்க அவரை ஏன் கேட்டேன்?