அடையாளத்துக்குக் கொஞ்சம் பூ

கூட்டம் என்றால் என்ன என்று ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் வழியாகப் பல வருடம் போயிருக்கிறேன். போயிருக்கிறேன் என்பதுகூடச் சரியில்லை, தள்ளிக்கொண்டுபோய் விடப்பட்டிருக்கிறேன். அதனால் பிரான்சில் இருக்கும் என் மகள், "நாளைக்கு நாம போற பூத்திருவிழாவுல பயங்கரக் கூட்டமா இருக்கும்ப்பா, தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க" என்று சொன்னபோது மரியாதைக்காகத் தலையாட்டி வைத்தேன்.

கூட்டத்துக்கென்று என் மனைவியிடம் ஒரு சட்டம் உண்டு. திருவிழா நாளில் மல்லிகை வைத்துக்கொள்ள மாட்டாள், கனகாம்பரம்தான். "மல்லி எல்லார் தலையிலயும் இருக்கும். பின்னாடிலேருந்து பாத்தா என்னைய எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்பாள். மகளுக்கும் சின்ன வயதிலிருந்து அதேதான். திருவெறும்பூர் ஃபேக்டரியில் கண்ணுக்கே தெரியாத விரிசலைக் கண்டுபிடிப்பது என் வேலையாக இருந்தது. கூட்டத்தில் சொந்த மனைவியைக் கண்டுபிடிக்க எனக்குக் கனகாம்பரம் தேவைப்பட்டது.

நாங்கள் பிரான்சுக்குப் போனது பூப் பார்க்க அல்ல. மகளுக்கு எட்டாம் மாதம். இது இரண்டாவது. முதல் முறை அவள் ஊருக்கு வந்திருந்தபோது, மண்டபம் பிடித்துப் பூச்சூட்டல் நடத்தினோம். தலை தெரியாமல் பூ, கை கொள்ளாமல் வளையல், ஐந்து வகைச் சாதம். வந்தவர்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அடுத்த வாரமே வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. புத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த வளையல்கள் அப்படியே அவள் கையில் இருந்தன. நர்ஸ் ஒவ்வொன்றாகக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்தார். இவள் புடவைத் தலைப்பை விரித்து வாங்கிக்கொண்டாள். அதை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன?

இந்த முறை மகள் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "அம்மா, பூ வேணாம், வளையல் வேணாம், ஒரு ஃபங்ஷனும் வேணாம். சரின்னு சொல்லு, டிக்கெட் போடறேன்." மனைவி சரி என்றாள். பெட்டி அடுக்கும்போது பருப்புப் பொடிக்கும் நாரத்தங்காய் ஊறுகாய்க்கும் நடுவில் ஒரு சுருள் வாழைநார் இருப்பதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். "எதையாவது கட்ட" என்றாள். நானும் அதற்குமேல் துருவவில்லை. அங்கே போய் இறங்கினால் மகள் முடியைக் காதுவரை வெட்டிவிட்டிருந்தாள். பூ வைக்க இடமே இல்லாமல் பண்ணிவிட்டாள் என்று என் மனைவி என்னிடம் மட்டும் சொன்னாள்.

பூத்திருவிழா யோசனை மகளுடையதுதான். நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாள், ஒரு மாறுதலாக இருக்கும் என்றாள். மாப்பிள்ளைக்கு அன்று வேலை. நாங்கள் மூவரும் பஸ் பிடித்துப் போனோம்.

குக்கிராமம். ஒரு சர்ச், ஒரு நீரூற்று, வளைந்து வளைந்து போகும் ஒரே தெரு. மற்றதெல்லாம் பூ. ஜன்னலில் பூ, கிணற்றில் பூ, பழைய சைக்கிளில் பூ, கிழிந்த பூட்ஸுக்குள் பூ. ஒரு வீட்டு வாசலில் கழிப்பறைப் பீங்கான் ஒன்றை வைத்து அதிலும் பூச்செடி வளர்த்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. தொடாதீர்கள் என்று எழுதியிருக்கிறது என மகள் படித்துச் சொன்னாள்.

மனைவி தெருவின் இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தாள். "இவ்வளவு பூவ வச்சுக்கிட்டு ஒருத்தி தலையிலயும் ஒண்ணு இல்ல பாருங்க" என்றாள். மகள் அதைக் காதில் வாங்காதவள் போல நடந்தாள்.

கூட்டமும் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆளுக்கு ஆள் ஒரு முழம் இடம் விட்டிருந்தார்கள். தோள் உரசினால் "பர்தோன்" என்றார்கள். மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். சொர்க்கவாசலில் இப்படி ஆரம்பித்தால் அடுத்த ஏகாதசிக்குத்தான் உள்ளே போக முடியும். இதெல்லாம் ஒரு கூட்டமா என்று நான் நினைத்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகி, ஊர்வலம் புறப்பட்டு, எல்லோரும் அந்த ஒரே தெருவுக்குள் வந்துவிட்டார்கள்.

முதல் வண்டி முழுக்க முழுக்கப் பூவால் செய்தது. மேளம் முழங்க, ஆடி அசைந்து வந்தது. மனைவி பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது ஒரு நத்தை.

அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினேன். மகளைக் காணவில்லை.

அவளுடைய போன் மனைவியின் கைப்பையில் இருந்தது. வெயிலுக்கு எல்லோரும் தொப்பி போட்டிருந்தார்கள். தொப்பி போடாதவர்களெல்லாம் காதுவரை முடி வெட்டியிருந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் பாதி ஊர் என் மகளாகத் தெரிந்தது. இரண்டு பேரின் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டு "பர்தோன்" சொன்னேன். மனைவி என்னை நம்பவில்லை. மகளின் பெயரைச் சொல்லி அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். ஸ்ரீரங்கத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரு காக்காய்கூடப் பறக்காது. இங்கே மேளமே நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாக இல்லை. எட்டு மாத வயிற்றோடு நெரிசலில் விழுந்து கிடப்பாளோ என்று பயமாக இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை.

சர்ச் படியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ மடக்கு விசிறி கொடுத்திருந்தார்கள், விசிறிக்கொண்டிருந்தாள். "தள்ளுறாங்கன்னு ஓரமா வந்துட்டேன். உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன். எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க" என்றாள். மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மகளின் வயிற்றில் கைவைத்துச் சற்று நேரம் அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து ஓர் உதை கிடைத்திருக்க வேண்டும், கையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவுக்குப் போனாள்.

நத்தை போன வழியெல்லாம் பூ உதிர்ந்து கிடந்தது. ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள், பெயர் தெரியாது. உதிர்ந்ததற்குப் பலகை எதுவும் இல்லை. மிதிபடாதவையாகப் பார்த்துத் தலைப்பில் பொறுக்கிக்கொண்டாள். கைப்பையிலிருந்து வாழைநார் வந்தது. நீரூற்றில் நனைத்து, படியில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தாள்.

"அம்மா, என்ன பண்ற?" என்றாள் மகள்.

"பூ கட்டறேன்."

"நீ சரின்னு சொல்லிட்டுத்தானே வந்த?"

"சரின்னுதான் சொன்னேன். இது ஃபங்ஷன் இல்ல. கூட்டத்துல கண்ணுக்குத் தெரியணும்ல? அடையாளத்துக்கு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சர்ச் கடிகாரத்தைப் பார்த்தேன். தேவையான நேரத்தில் உதவாமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. மகளின் கண் நிறைந்துவிட்டது. இவளும் கட்டுவதை நிறுத்திவிட்டாள். கட்டிய வரை மடியில் கிடந்தது.

"அடையாளத்துக்கு மட்டும்தானே?" என்றாள் மகள்.

"அடையாளத்துக்கு மட்டும்தான்."

மகள் குனிந்து தலையைக் காட்டினாள். அந்தக் குட்டை முடியில் பூ நிற்கவில்லை. இவள் தன் கொண்டையிலிருந்து இரண்டு ஊசியை உருவி, காதுக்குப் பக்கத்தில் குத்தி நிறுத்தினாள். பாட்டு இல்லை, ஆரத்தி இல்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி மட்டும் கை தட்டினாள். அவளிடம் விஷயத்தை விளக்க எனக்கும் மனைவிக்கும் பாஷை தெரியாது, தெரிந்த மகள் விளக்கவில்லை.

சாயங்காலம் ஊர் காலியாகிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் எங்களைத் தவிர ஈ காக்காய் இல்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "இப்பதான் கூட்டம் இல்லையே, எடுத்துடலாமே" என்றேன். மனைவி முறைத்த முறைப்பு எனக்குப் பழகியதுதான்.

மகள் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "பஸ்ல கூட்டமா இருந்தா?" என்றாள்.

பஸ் வந்தது. டிரைவரைத் தவிர ஒருவரும் இல்லை. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, பூ நசுங்காமல் இருப்பதற்காகத் தலையை எங்கும் சாய்க்காமல், வீடு வரைக்கும் நிமிர்ந்தே வந்தாள்.