ஒரே தீவுதானே!

சனிக்கிழமை காலை ஒன்பது பத்து. சிட்னியின் டூங்கபி சமூக மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கொடி. பச்சை, வெள்ளை, செம்மஞ்சள்: அயர்லாந்தின் கொடி. ஒரு தட்டு உருளைக்கிழங்கு ரொட்டியின் நடுவில் பல்குச்சியால் குத்தி நிறுத்தியிருந்தார்கள்.

ரொட்டி சுட்டு வந்தவர் என் பக்கத்து வீட்டு மார்கரெட். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பல்லினச் சந்திப்புக்கு நான்தான் அழைத்திருந்தேன். தன் கைப்பட ஓர் அட்டை எழுதி வந்திருந்தார்: 'அல்ஸ்டர்-ஸ்கொட்ஸ்'. அது மேசைக்குக் கீழே கிடந்தது.

யார் இவர்கள்? நானூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்கொட்லாந்திலிருந்து குறுகிய கடலைக் கடந்து, அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரில் குடியேறியவர்கள். ஐரிஷ்காரரிடம் பறித்த நிலத்தில் அரசன் குடியேற்றினான் - மார்கரெட் அதை மறைப்பதில்லை. "அங்கே எங்களை ஸ்கொட்டிஷ் என்றார்கள். ஸ்கொட்லாந்து போனால் ஐரிஷ் என்றார்கள்" என்பார். பிறகு கப்பலேறி சிட்னி.

அவருடைய அப்பா மூன்று மாதங்களுக்கு முன் இறந்தார். மரண அறிவித்தலிலும் 'ஐரிஷ்' என்றே போட்டுவிட்டார்களாம். அப்பா யார் என்பதை ஒரு தடவையாவது சபையில் சரியாகச் சொல்ல வேண்டும். மேடையில் ஐந்து நிமிடம்... அவ்வளவுதான் அவர் கேட்டது.

விழா அமைப்பாளர் சிவா அண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, கொடியை ஆர் குத்தினது?"

"நான்தான். வடிவா இருக்கெல்லே?"

"அவ ஐரிஷ் இல்லை."

"அட, ஒரே தீவுதானே! சனத்துக்கு விளங்க வேணுமெல்லே. அல்ஸ்டர் எண்டு போட்டா, அல்சராக்கும் எண்டு ரொட்டியைத் தொடாயினம்!"

ஒரே தீவு! சொல்வது யார்? போன வருடம் ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'ஸ்ரீலங்கன்' என்று எழுதிய நர்ஸைத் திரும்பக் கூப்பிட்டு, அதை வெட்டி 'தமிழ்' என்று எழுத வைத்தவர். அதுவும் நெஞ்சுவலியோடு!

"அண்ணை, எங்கட தட்டில ஒருத்தன் சிங்கக் கொடியைக் குத்திப்போட்டு, ஒரே தீவுதானே எண்டா?"

"அது வேற விசயம்!"

எல்லாருக்கும் தன் விஷயம் மட்டும்தான் வேறு. நம் பெயரை அடுத்தவன் மாற்றினால் அவமானம். அடுத்தவர் பெயரை நாம் மாற்றினால்? வசதி. வெட்கமாக இல்லையா நமக்கு?

"புரோகிராம் அடிச்சாச்சு, தம்பி. இனி மாத்தேலாது."

கொடியைப் பிடுங்கினேன். அட்டையை எடுத்துத் தூசி தட்டி, தட்டில் சாய்த்து வைத்தேன். மார்கரெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்: "அடுத்து, அயர்லாந்து!"

இரண்டு முறை அழைத்தார்கள். மேடைக்கு யாரும் போகவில்லை. மார்கரெட் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.