மாலே பக்கந்தான்

மாலத்தீவிலிருந்து வந்திறங்கி, திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் டாக்ஸிக்காக நிற்கிறேன். மடிப்புக் கலையாத புது வேட்டியைக் கையில் வைத்திருக்கும் ஓர் அம்மா, "மாலேல இருந்தா வாறீங்க?" என்கிறார். நாகர்கோவில் பேச்சு.

"ஆமாம்மா. ஒன்றரை மணி நேரந்தான்."

"எங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொல்லுவாவ. அவிய வேல பாக்குற தீவுல இருந்து மாலேக்கு ஒரு மணி நேரம், பிறகு இங்க. பக்கந்தான், கூப்பிட்டா வந்திருவேன்னு சொல்லுவாவ."

அவருடைய தம்பி வேகமாக வருகிறார். "அக்கா, அத்தானுக்க பெட்டி இங்க வராது. கார்கோ கேட்டுக்குப் போணும்."

அம்மா நகரவில்லை. "எப்பவும் இந்த வாசல் வழியாத்தானடே வந்தாவ."

சவப்பெட்டியைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நான் வந்த விமானத்தில்தான் அவரும் வந்திருக்கிறார்.

தம்பி கைபிடித்து அழைத்துப் போகும்போது அம்மா திரும்பிக் கேட்கிறார். "வழியில பிளேன் ரொம்பக் குலுங்கிச்சா?"

பாதி வழி குலுங்கித்தான் வந்தது.

"இல்லம்மா" என்கிறேன்.