காசைத் தேய்க்காதே என்கிற சம்பத்

டீ கிளாஸை வாங்கும் முன் மீதிச் சில்லறையை வாங்கிவிடுவார் சம்பத். டீ ஆறினால் ஆறட்டும். பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு எதிரே வேலுசாமியின் கடை வாசலில், வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, ஒவ்வொரு காசையும் இரண்டு விரல்களுக்கு நடுவே விளிம்பில் பிடித்து, வருஷத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். சின்னச் சாய்சதுரம் இருந்தால் பம்பாயில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஐதராபாத். ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. வட்டப் புள்ளி என்றால் புதிதாக வந்த நொய்டா. பின்னால் நிற்பவர்களுக்கோ சென்ட்ரல் வண்டி போய்விடுமே என்ற பதைப்பு. "இன்னா நைனா, செல்லாத காசா குடுத்துட்டேன்? நவுரு அப்பால" என்று வேலுசாமி தினமும் கத்துகிறார். சம்பத்தும் தினமும் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்து வேறு காசு கேட்கிறார். கடைசியில் குடிப்பது ஏடு படிந்த டீயைத்தான்.

ஆவடியில் ராணுவத்துக்கு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் ஃபிட்டர். வீடு சேக்காட்டில். ஐம்பதைத் தாண்டிவிட்டது, தலையில் முடி குறைந்த அளவுக்கு மூக்கில் கோபம் கூடியிருக்கிறது. நாணயம் சேர்க்கிறவர் என்று கேள்விப்பட்டு, சோழன் காசு இருக்கிறதா, நவாபு காசு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போனால் வாசலிலேயே மரியாதை கிடைக்கும். "ராஜா காச ராஜா வெச்சுக்கட்டும். நாம தெனம் காய்கறிக்காரிகிட்ட குடுக்கறோமே, அந்தக் காசுக்கு இன்னா கொறச்சல்?" என்பார். சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் வெளியிட்ட காசுகள் மட்டும்தான் அவருக்கு வேண்டும். வருஷத்துக்கு ஒன்று, அடித்த ஊருக்கு ஒன்று. தடித்த அட்டையில் வட்ட வட்டமாகத் துளை வெட்டி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். பீரோவில் அவர் மனைவி வனஜாவின் பட்டுப்புடவைகளுக்குக் கீழ்த்தட்டு. இவருடைய அட்டைகளுக்கு மேல்தட்டு. இந்த ஏற்பாட்டை வனஜா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சேர்ப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. சேர்க்கப் புதிதாகக் கிளம்பியிருக்கிறவர்கள்தான் அவருடைய பிராணனை வாங்குகிறார்கள். யாரோ எங்கோ ஒரு காசை லட்ச ரூபாய்க்கு விற்றானாம் என்று ஒரு புரளி கிளம்பும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பல் துலக்குவதற்குள், கைக்குட்டையில் முடிந்த சில்லறையோடு இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "அண்ணாத்தே, இது எவ்ளோவுக்குப் போவும்?"

"பஸ்ல போவும். ஆவடிலேர்ந்து அம்பத்தூர் வரைக்கும் போவும்" என்பார் சம்பத், வாயில் பிரஷ்ஷோடு.

அதிகம் வருவது தாமரைக் காசுதான். மஞ்சள் நிறத்தில், ஒரு பக்கம் தாமரை போட்ட பழைய இருபது பைசா. அதில் தங்கம் கலந்திருப்பதாக அந்தக் காலத்திலேயே ஊரெல்லாம் பேச்சு. பதுக்கினவர்கள் உண்டு, உருக்கிப் பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு. நூற்றெட்டுச் சேர்த்து வெள்ளிக்கிழமை லட்சுமிக்கு அர்ச்சனை செய்கிற வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. "அதுல தங்கமும் இல்ல, தவிடும் இல்ல" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வற்றிவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஆனாலும் துரத்திவிட மாட்டார். திட்டிக்கொண்டே உட்கார வைத்து, திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுப்பார். "மொதல்ல ஒரு வருசம் ஒண்ணும் வாங்காத. உன் பாக்கெட்ல கீற காசப் பாரு. கண்ணு பழவட்டும். அப்பால வாங்கு. தேஞ்சது பத்து வாங்கறத வுட்டுட்டு, தேயாதது ஒண்ணு வாங்கு. மூஞ்சியில கைய வெக்காத, ஓரத்துல புடி. பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெக்காத, பச்ச பூத்துடும்." இதையெல்லாம் சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, கடைசியில் எழுந்து நின்றுகொள்வார். "தேய்க்காத! அழுக்கா இருந்தாலும் சரி, கருப்பா இருந்தாலும் சரி, தேய்க்காத. தேச்சா காசு செத்துப்போவும். செத்த காச என் ஊட்டுக்கு எடுத்தாராத."

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்த் தேய்ப்பார்கள். தேய்க்காமல் எப்படி இருப்பார்கள்? வாரா வாரம் குத்துவிளக்கைப் புளி போட்டுப் பளபளவென்று ஆக்குகிற ஊரில், அழுக்கை அப்படியே வை என்றால் யாருக்குப் புரியும்? அடுத்த தெருத் துலுக்கானம், நல்ல நிலையில் இருந்த அரை ரூபாய்களைச் செங்கல் பொடியால் விளக்கி, வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்தார். சம்பத் அவரை நடுத்தெருவில் நிற்க வைத்துப் பேசிய பேச்சில், துலுக்கானம் இன்றுவரை இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. "காசுக்காக மனுசன வுட்டுட்டியே" என்று வனஜா சொன்னாள். "மனுசன் பொறந்துகினே இருப்பான். அறுவத்தேழாம் வருசத்துக் காசு இனிமே பொறக்குமா?" என்று கேட்டார் இவர். பதிலுக்கு அவள் கையில் கரண்டி இருந்தது.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு குறை. தாமரைக் காசு அட்டையில் ஒரு துளை காலி. எழுபதாம் வருஷம், அடியில் நட்சத்திரம். தேய்ந்தது எத்தனையோ கைக்கு வந்து போயிற்று. நாணயச்சாலையிலிருந்து வந்த மெருகு கெடாத காசுதான் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார். ஊருக்குச் சொன்ன உபதேசத்தைத் தானே மீறலாமா? சென்ட்ரல் பக்கத்துப் பழைய காசுக் கடைகளை மாதம் ஒருமுறை சலித்துவிட்டு வெறுங்கையோடு வருவார். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுப்பதில்லை.

இதில் வந்து சேர்ந்தவன் குணசேகரன். அதே தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவன், அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்துக்காரன். அவன் முதன்முதலில் வாங்கிய 'அபூர்வக் காசு' இரண்டு பக்கமும் சிங்கம் உள்ள ஒரு ரூபாய். "ரெண்டு காச லேத்துல சீவி ஒட்டியிருக்கான். இன்னாடா இது, லேத்து ஓடற எடத்துல வேல செஞ்சிகினு, அதே வேலையில ஏமாந்து வந்து நிக்கிற?" என்று சம்பத் கேண்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டார். வேறொருவனாக இருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பான். குணசேகரன் சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து திட்டு வாங்குவதற்கென்றே வருகிறான். திட்டை மறந்தாலும் சொன்னதை மறப்பதில்லை, தேய்ப்பதும் இல்லை. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் சம்பத்துக்கு அவன்மேல் ஒரு பிடிப்பு.

போன மாதம் சைக்கிள் ஸ்டாண்டில் அவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். ஓடுகளைப் பிரித்துத் தளம் போடுவதற்காக வீட்டுச் சுவரை இடித்தபோது, பூசி மூடியிருந்த மாடத்துக்குள் ஒரு துணி முடிச்சு கிடைத்ததாம். கூலிக்கு நாற்று நட்ட அவன் அப்பா, தங்கப் பேச்சை நம்பி, பேங்கில் புதிதாக வாங்கிய தாமரைக் காசுகளை அப்படியே முடிந்து சொருகிவிட்டுச் செத்துப்போயிருக்கிறார். "மேல கீற ஒண்ண மட்டும் ஓரத்துல புடிச்சிப் பார்த்தேன் அண்ணாத்தே. எழுவது. அடியில நட்சத்திரம். கருத்துகீது, ஆனா தேயவே இல்ல, புச்சு மாரி கீது. உனக்குத்தான்."

சம்பத் சைக்கிளை விட்டுவிட்டார். அது விழுந்து பக்கத்திலிருந்த நாலு சைக்கிள்களையும் சாய்த்தது. "தொடாத! துணிய அவுக்காத! பையில போட்டுகினு வராத, ஒண்ணோட ஒண்ணு உரசும். கெடக்கிற எடத்துலயே கெடக்கட்டும். ஞாயித்திக்கெழம நானே வர்றேன்." கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று குணசேகரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. யாரையும் நம்பாத புத்தி.

ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "பொண்ணு பாக்கப் போறியா?" என்று வனஜா கேட்டதற்குக்கூடக் கோபம் வரவில்லை. வழி தெரியாமல் தவிக்கப்போகிறாரே என்று குணசேகரன் மெயின் ரோட்டுக்கே வந்து காத்திருந்து கூட்டிப் போனான். பேசிக்கொண்டே ஏரிக்கரையோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். சம்பத் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

வாசலில் புதுக் கோலம். உள்ளே ஒற்றை இரும்பு நாற்காலியில் துவைத்த துண்டு விரித்திருந்தது. குணசேகரனின் மனைவி கஸ்தூரி எவர்சில்வர் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தட்டில் வெற்றிலை. வெற்றிலைமேல் வரிசையாகத் தாமரைக் காசுகள், நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் தகதகவென்று. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குங்குமப் பொட்டு.

"ஒரே கருப்பா, மண்ணு புடிச்சுக் கெடந்துச்சுண்ணே. பெரியவரு நம்ம ஊடு தேடி வர்றாரு, அப்படியே எடுத்துக் குடுக்க மனசு வர்ல. இவரு ரோட்டுக்குப் போனதும் புளித்தண்ணில ஊறப்போட்டு, சாம்பல் வெச்சு நல்லா தேச்சேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. சம்பத் எழுபதாம் வருஷத்தைத் தேடி எடுத்தார். ஓரத்தில்தான் பிடித்தார். ஜன்னல் பக்கம் சாய்த்தார். மெருகு இருந்த இடமெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கீறல். நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கியிருந்தன. சுவருக்குள் இருபது வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருந்த காசு, அவருக்கு மரியாதை செய்வதற்காக ஒரே காலையில் செத்திருந்தது. அழுகை வந்தது அவருக்கு. அதைவிட ஆத்திரம் வந்தது. கொண்டுவருகிறேன் என்றவனைத் தடுத்தது யார் என்று நினைத்தபோது அந்த ஆத்திரத்துக்குப் போக இடமில்லாமல் போயிற்று.

நிமிர்ந்து பார்த்தார். கஸ்தூரி தட்டை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். புளியில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது, நகக்கண்ணில் சாம்பல்.

"நல்லா கீதாண்ணே?"

குணசேகரனுக்குச் சேதி புரிந்துவிட்டது. படித்த பாடம் அப்படி. அவன் முகம் சுண்டி, கழுத்து நரம்பு புடைத்தது. "அடிப்பாவி, இன்னா காரியம்டி..." என்று ஆரம்பித்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே சம்பத் காலை நீட்டி, பக்கத்தில் நின்ற குணசேகரனின் பாதத்தின்மேல் வைத்து அழுத்தி மிதித்தார்.

"சூப்பரா கீதும்மா. கண்ணாடி மாரி கீது" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே காப்பி எடுத்துவர உள்ளே போகும் வரையிலும், குணசேகரன் வாயைத் திறக்கப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கால் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.