இடது ஐந்து, வலது எட்டு: ஆம்பூரில் ஒரு ஜோடி ஷூ

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து ஆம்பூருக்குப் போய் வந்தேன், ஷூ வாங்க. இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று எனக்கே தயக்கமாகத்தான் இருக்கிறது. என்னைப் போன்ற கால் உள்ளவர்கள் யாராவது தேடக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

இரண்டு வயதில் வந்த போலியோவால் என் இடது கால் மெலிந்து, பாதமும் சிறுத்துவிட்டது. இடதுக்கு ஐந்தாம் சைஸ், வலதுக்கு எட்டு. ஐம்பது வருடங்களாக ஒரே மாடலில் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஷூவை வீணாக்கி வருகிறேன். இந்தப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு இடது ஷூவின் சோல் பிளந்து தெருவில் விழுந்தேன். காயம் பெரிதில்லை. ஆனால் மகன், இனிமேல் தனியாக எங்கும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டான். எழுபத்திரண்டு வயதில் எனக்கு மிச்சமிருக்கும் சுகம் தனியாகப் பஸ் ஏறி ஊர் பார்ப்பதுதான். நல்ல ஷூ கிடைத்தால் போகலாமா என்று கேட்டேன். முதலில் கிடைக்கட்டும் என்றான்; அதை வாங்கி வர மட்டும் இந்த ஒரு தடவை சம்மதித்தான்.

ஆம்பூரில் சாலையோரக் கடைகள் சிலவற்றில், ஏற்றுமதியில் மிஞ்சிய ஷூக்களை விற்கிறார்கள். அப்படி ஒரு கடைக்காரரிடம் போனில் பேசினேன். ஐந்தில் இடது, எட்டில் வலது, இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பதாக ஒப்புக்கொண்டார். இரண்டு முறை கேட்டு உறுதிசெய்தேன். மூன்றாம் முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டிருக்க வேண்டும்.

காலை 6.10 மணிக்குப் பஸ். முதல் படி தரையிலிருந்து பதினாறு அங்குலம். பையில் எப்போதும் அளவு நாடா வைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கென்று எழுதியிருந்த இருக்கையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை; சரியாகச் சொன்னால், தைரியம் வரவில்லை. ஓச்சேரி வரை நின்றேன். எழுபது கிலோமீட்டர், வேலூர் சேர 8.20. அங்கிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய், இறங்கும்போது 10.05. முந்தின இரவிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் கழிப்பறைகளில் படிக்கட்டும் ஈரமும் இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது. பயணத் திட்டத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் என் பெயர் எழுதிய டப்பா தயாராக இருந்தது. திறந்தேன். உள்ளே இரண்டும் எட்டு.

கடைக்காரர் திகைத்துப்போனார். அவர் சரியாகத்தான் போட்டு வைத்திருக்கிறார். மாற்றியவர் அங்கே வேலை பார்க்கும் எஸ்தரம்மா. ஐம்பது வயதிருக்கும். ஷூ ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங்கில் இருந்தவர். ஜோடி மாறியிருக்கிறதா, கலர் ஒத்துப்போகிறதா, தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவதுதான் அந்த வேலை.

"இன்னாம்மா, மன்சன பேஜார் பண்ணிட்டியே" என்றார் கடைக்காரர்.

"ஒரே டப்பால அஞ்சும் எட்டும் இருந்தா நான் இன்னாண்ணா நெனைப்பேன்? அத அப்டியே வுட்டுட்டுப் போக எனக்குக் கை வராது. ஜோடி சேத்து வெச்சேன்."

அவர் சேர்த்து வைத்த ஐந்தாம் சைஸ் ஜோடி நேற்றே விற்றுப்போயிருந்தது. அந்த மாடலில் வேறு ஐந்து இல்லை. பதினைந்து நாளில் கூரியரில் அனுப்புகிறேன் என்றார் கடைக்காரர். பரவாயில்லை என்றேன். உண்மையில் அப்படி இல்லை. நூற்றிருபது கிலோமீட்டர் வந்து, வெறும் கையோடு மகன் முன்னால் நிற்க வேண்டும். டப்பாவின் மேலேயே எழுதச் சொல்லியிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பக்கத்தில் பிரியாணிக் கடை. மூன்று படி, கைப்பிடி இல்லை. பதினொரு மணிக்கே கூட்டம். சீரகச் சம்பா, காரம் கம்மி, புளிப்பான கத்திரிக்காய்க் கூட்டு, வெங்காயத் தயிர்ப் பச்சடி. நூற்றெண்பது ரூபாய். மிக நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. பாதி சாப்பிட்டபோதுதான் புரிந்தது, கூரியரில் வரும் ஷூவும் பொருந்தாவிட்டால் நான் திரும்ப இங்கே வரவே முடியாது. மகன் இன்னொரு தடவை அனுப்புவானா? சாப்பிட்டு வெளியே வந்தபோது வேலூர் பஸ் வந்து நின்றது. அதை விட்டுவிட்டு, வாழ்க்கையில் அதிகம் செய்யாத ஒன்றைச் செய்தேன். கடைக்குத் திரும்பிப் போய், எனக்கு இன்றைக்கே வேண்டும் என்றேன்.

எஸ்தரம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். ஜோடி தொலைந்த ஒற்றை ஷூக்கள் ஒரு மூட்டை, முழுவதையும் கொட்டி, இடது ஒரு வரிசை, வலது ஒரு வரிசையாக அடுக்கியிருந்தார். நான் சாப்பிடப் போனதிலிருந்தே இதைத்தான் செய்கிறாராம்.

"அஞ்சுல இடது ஒண்ணுதான் சார் கீது. கலர் கொஞ்சம் ஜாஸ்தி. தையலும் வேற. ஃபேக்டரியா இருந்தா இத நான் தள்ளிட்டிருப்பேன்."

குட்டையான இடது காலுக்காகப் பழைய ஷூவில் வைத்திருந்த உயர அட்டையை எடுத்து இதனுள் வைத்து, டப்பாவிலிருந்த வலதையும் சேர்த்துப் போட்டேன். வாசல் வரை நடக்கச் சொன்னார். திரும்பி வரச் சொன்னார். இன்னொரு தடவை என்றார். பொதுவாக என் காலைப் பார்ப்பவர்கள் உடனே முகத்தைப் பார்த்துவிடுவார்கள். இவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்து, குதிகால் நழுவுகிறதா என்று மட்டும் பார்த்தார். பிறகு கழற்றச் சொல்லி, இரண்டு சோலிலும் சாக்பீஸால் ஒரு டிக் போட்டார். "பாஸ் சார்" என்றார், மனமில்லாமல்.

ஒரு மணிக்கு வேலூர் பஸ். அதே பதினாறு அங்குலம். பள்ளிகொண்டா வந்தபோது, திட்டத்தில் இல்லாமல் இறங்கிவிட்டேன். கோயில் வரை ஆயிரத்து அறுநூறு தப்படி நடந்தேன். நடை சாத்தியிருந்தது. சாத்தாமல் இருந்திருந்தாலும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு என்னால் உள்ளே நடந்திருக்க முடியாது. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மகன் போன் செய்தான். பள்ளிகொண்டாவில் இருக்கிறேன் என்றேன்.

"அங்க எதுக்குப்பா?"

"சும்மாதான். நடந்து வந்தேன்."

"சரி, இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க" என்றான்.

ஆம்பூர் போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். பழைய ஷூவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லிவைப்பதாக இருந்தால், முதலாளியிடம் மட்டுமல்ல, ஷூவைத் தொட்டு அடுக்குகிறவரிடமும் சொல்லுங்கள். சோலில் டிக் இருந்தால் துடைக்க வேண்டாம். என்னுடையது வலதில் பள்ளிகொண்டாவிலேயே அழிந்துவிட்டது. இடது பாதத்தை நான் முழுதாக ஊன்றுவதில்லை. அதில் இன்னும் பாதி இருக்கிறது.