டெக்சாஸ் பிள்ளைக்கு நான் சொன்ன தீர்ப்பு

போன வாரம் ஒரு பிள்ளையின் குடியுரிமையை நான் பறிக்கப் பார்த்தேன். இன்னும் பிறக்காத பிள்ளை!

பக்கத்து வீட்டு காதர் பாய்க்கு கோவில்பட்டி மெயின் ரோட்டில் பெயின்ட் கடை. மகள் நஸ்ரின், கணவனின் வேலை விசாவில் டெக்சாஸில் இருக்கிறாள். தலைப்பிள்ளை, ஏழாம் மாதம். அங்கே பிறந்தாலும் இப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்று அமெரிக்க அரசு உத்தரவு போட்டது. சில மாநிலங்களும் அமைப்புகளும் வழக்குப் போட, கோர்ட்டுகள் அந்த உத்தரவுக்கு நாடு முழுக்கத் தடை கொடுத்தன. உச்ச நீதிமன்றமோ, வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும் தடை போதும் என்றுவிட்டது.

பாய் பேப்பரோடு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, எம் பேரப்பிள்ளைக்கு என்ன ஆவும்?"

ரிட்டையர் ஆன வக்கீலிடம் ஒருவர் சட்டம் கேட்டால்... சும்மா இருக்க முடியுமா?

"டெக்சாஸ் வழக்கே போடல பாய். அங்கன தடை செல்லாது. குடியுரிமை கிடைக்காது."

பாயின் முகம் வாடியது. அவர் மனைவி ஜொகராவின் முகம் மலர்ந்தது! தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பவர் அவர்.

"அப்பொ அவளுக்கு அங்கன என்ன சோலி? இங்கன வரச் சொல்லுங்க. வக்கீலண்ணனே சொல்லிட்டாவ!"

போனில் அழுதபடியே நஸ்ரின் சம்மதித்தாள். பாய் டிக்கெட் விசாரித்தார்.

அப்புறம்தான் தீர்ப்பையும் அதற்குப் பின்னால் வந்த செய்திகளையும் முழுதாகப் படித்தேன். ஒரே நிலையில் இருக்கும் எல்லோருக்காகவும் சிலர் சேர்ந்து வழக்குப் போடும் வழியை உச்ச நீதிமன்றம் அடைக்கவில்லை. அந்த வழியில் போய், நாடு முழுக்கப் பிறக்கும் பிள்ளைகளுக்காக வேறொரு கோர்ட்டில் உத்தரவுக்குத் தடையும் வாங்கிவிட்டார்கள். டெக்சாஸுக்கும் சேர்த்துத்தான்!

கழுகுமலைப் பக்கம் ஒரு கண்மாய்க்காக, ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து இதே மாதிரி வழக்கு நடத்தியவன் நான். எனக்கே தோன்றவில்லை. பாதி தெரிந்தவன் தயங்குவான் என்றுதானே நினைக்கிறோம்? அவன்தான் அடித்துச் சொல்கிறான்.

வெட்கத்தில் பாய் கண்ணில் படாமல் பின்சந்து வழியாகப் போய்வந்தேன். ஆனால் நஸ்ரின் விமானம் ஏறிவிட்டால்? பிள்ளை கோவில்பட்டியில் பிறக்கும். அதன்பிறகு எந்தத் தடையும் உதவாது. நேரே போய்ச் சொல்லிவிட்டேன்.

"பாய், நான் பாதிதான் படிச்சேன். டிக்கெட் போடாதீங்க. கடைசித் தீர்ப்பு இனிமேதான்; இப்போதைக்கு அங்கன பிறந்தா பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கு."

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கோர்ட்லயும் இப்படித்தான் பாதி படிச்சு வாதாடுனீங்களோ?"

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து ஜொகராவின் குரல் வந்தது:

"ஏண்ணே, மீதிப் பாதிய பிள்ளை பொறந்த பொறவு படிச்சா என்னவாம்?"