தமிழ்ப்ரியாவின் பி கிரேடு

செபாஸ்டின் சாரைப் பார்த்தாலே பின்சிக்கு உதடு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். போடிமெட்டிலிருந்து கேரளப் பக்கம் பூப்பாறைக்கு இறங்கும் வழியில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் தமிழ் மீடியம் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். கண் தெரியாத, காது கேளாத, கை சரியாக வராத பிள்ளைகள் நான்கு பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஒப்பந்தத்தில் வந்தவள் பின்சி. தேயிலைக் கொழுந்து பறித்த செபமாலையம்மாளின் மகள், எம்.சி.ஏ. முடித்தவள்.

வந்த அன்றே கம்ப்யூட்டர் அறையைத் திறந்து பார்த்தாள். திறப்புவிழாவுக்கு வெட்டிய ரிப்பன் ஜன்னல் கம்பியில் இன்னும் தொங்கியது. மானிட்டர்களின் பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றவே இல்லை. சுவரில் பெரிய போட்டோ ஒன்று. அதில் பார்வையே இல்லாத தமிழ்ப்ரியாவின் கையைப் பிடித்து மவுஸ் மேல் வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார் சார்.

"மவுஸு எங்க போகுதுன்னு அவளுக்கு எப்படி சார் தெரியும்?"

"போட்டோவுக்குத்தானே டீச்சரே. அதுங்களுக்கு ஏதாவது பாட்டு போட்டுக் குடுங்க. சந்தோஷமா இருக்கட்டும்."

அதுங்களாம்! ஆடு மாட்டைச் சொல்வதுபோல. இந்த ஆளிடம் பேசுவது வாய்க்குக் கேடு என்று பின்சி அன்றைக்கே முடிவுகட்டினாள். அவர் ஆபீசிலிருந்து வரும் தாள்களை வாங்குவாள், மேசை இழுப்பறையில் போடுவாள், மூடிவிடுவாள். அந்த மூளையிலிருந்து படிக்கத் தகுந்தது என்ன வரப்போகிறது?

பத்தாம் வகுப்புத் தமிழ்ப்ரியாவுக்கு முதலில் மவுஸைப் பிடுங்கிப் போட்டாள். திரையில் இருப்பதைக் காதில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைத் தமிழ்க் குரலோடு நிறுவி, ஹெட்போனை மாட்டிவிட்டாள். ஒரு மாதத்தில் விசைகள் அந்தப் பெண்ணின் விரலுக்கு அடங்கின. அடுத்து புரோகிராம் எழுதும் பைத்தான் மொழி. அதில் எந்த வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதுதான் உயிர். கண் இல்லாதவள் அதை எப்படிப் பார்ப்பாள்? வரி உள்ளே தள்ளத் தள்ள ஒலியின் சுருதி ஏறும்படி பின்சி மாற்றி அமைத்தாள். ஒருநாள் தமிழ்ப்ரியா சட்டென்று நிறுத்தினாள்.

"டீச்சர், நாலாவது வரி தப்பா பாடுது. வெளிய நிக்க வேண்டியது உள்ள போயிருச்சு."

பார்வையுள்ள பிள்ளைகள் அரைமணி நேரம் தேடும் பிழை அது. பின்சிக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே சாரின் முகம் ஞாபகம் வந்தது, ஏளனமும் கூடவே வந்தது.

பிப்ரவரியில் சார் ஒரு படிவத்தோடு வந்தார். "தமிழ்ப்ரியாவுக்குச் செய்முறைப் பரீட்சை வேண்டாம் டீச்சரே. ஏ கிரேடு போட்டு அனுப்பிடலாம். பாவம்தானே? ஒரு சைன் போடுங்க."

"யாரு சார் பாவம்? அவ எழுதுற புரோகிராம்ல ஒரு வரியாவது உங்களுக்குப் புரியுமா? இந்தப் பிச்சை அவளுக்கு வேண்டாம். பரீட்சை எழுதுவா."

சார் முகம் கறுத்துப் போய்விட்டார்.

தமிழ்ப்ரியா எழுதினாள். வெளிப்பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர், புரோகிராம் கேள்விக்கு முழு மார்க் போட்டார். அடுத்த கேள்வி: திரையில் ஒரு பூந்தொட்டி வரைந்து நிறம் தீட்டுக. பார்வையில்லாத பெண்ணுக்குப் பூந்தொட்டி! தேர்வாளர் கையை விரித்தார். "மாற்றுக் கேள்விக்கு இரண்டு வாரம் முன்னாலயே விண்ணப்பிக்கச் சொல்லி சர்க்குலர் வந்துச்சே டீச்சர்? நீங்க அனுப்பல. நான் என்ன செய்ய?"

பின்சி ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தாள். சர்க்குலர் இருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. மூலையில் சாரின் கையெழுத்து: 'பின்சி டீச்சர், அவசரம்.'

பி கிரேடுதான் வந்தது. மறுநாளே தமிழ்ப்ரியாவின் அம்மா குருவம்மாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வந்து நின்றாள், மகளையும் கூட்டிக்கொண்டு.

"சும்மா கெடச்ச ஏ-வ வேண்டாம்னுட்டீகளாமே டீச்சர்? ஒங்க வீம்புக்கு எம்புள்ளதான் கெடச்சாளா?"

சர்க்குலர் விஷயம் அவளுக்குத் தெரியாது. சொல்லாமல் தப்பித்திருக்கலாம். பின்சி சொல்லிவிட்டாள். "தாள் வந்துச்சுக்கா. சார் குடுத்ததுதானேன்னு நான் பிரிச்சே பாக்கல. தப்பு என்னோடது."

குருவம்மாளை முந்திக்கொண்டு தமிழ்ப்ரியாதான் பேசினாள். "சாருக்கு, நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லன்னு நெனப்பு. ஒங்களுக்கு, அவுக ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லன்னு நெனப்பு. ரெண்டுலயும் எனக்குத்தான டீச்சர் மார்க் போச்சு."

பின்சிக்குக் காது சுட்டது. இவ்வளவு நாள் சாருக்கென்று சேர்த்து வைத்திருந்த அருவருப்பெல்லாம் தன் பக்கமே திரும்பியது.

அன்றே அந்தப் பிள்ளைக்காக மறுதேர்வு கேட்டு மனு எழுதினாள். சாரிடம் கையெழுத்து கேட்டு நிற்க வேண்டியிருந்தது, நின்றாள். போட்டுக்கொடுத்தார். மனு தள்ளுபடியாகி வந்தது. பி கிரேடோடுதான் தமிழ்ப்ரியா மூணாறில் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தாள்.

அவளோடு நிற்கும் புதுப் போட்டோவை சார் சுவரில் மாட்டியிருக்கிறார், 'நமது பள்ளியின் சாதனை' என்று. அதைத் தாண்டும்போது பின்சிக்கு உதடு கோணத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆபீசிலிருந்து வரும் தாள்களை இப்போது வாசலிலேயே நின்று பிரித்து, கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் நகர்கிறாள்.